நாலு பேருக்கு

வைகுண்டராஜ் பேனா போலிருந்த மீட்டரைத் தண்ணீர் டம்ளருக்குள் விட்டு எடுத்து, அதில் தெரிந்த உப்பு அளவை எல்லாருக்கும் காட்டினார். தொள்ளாயிரத்து நாற்பது.

இந்தப் போர் தண்ணீரையா குடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

மொக்கம்மாளுக்குத் தன்னைக் கேட்டதுபோல் இருந்தது. அந்த வீட்டில் தினமும் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றிவைப்பது அவள்தான். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது என்று அவர் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவளுடைய தம்பி ஈஸ்வரபாண்டி போன் செய்ததால்தான் வைகுண்டராஜ் கம்பத்தில் இருக்கும் பில்டர் கடையைச் சாத்திவிட்டுக் கூடலூருக்கு வந்திருந்தார். அவனுக்கு மதுரையில் ஆபரேசன் முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. போன வாரம் ஈஸ்வரபாண்டியும் அவன் மனைவி செல்லத்தாயும் செக்கப்புக்குப் போனபோது, இனிமேல் காய்ச்சுவதெல்லாம் வேண்டாம், நல்ல பில்டராகப் போட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சமையல் மேடையில் வண்ணத் தாளை விரித்தார் வைகுண்டராஜ்.

சுவரில் மாட்டுகிற மாதிரி வேண்டாம், புது டைல்ஸில் ஓட்டை விழும் என்றாள் செல்லத்தாய். சிங்குக்கு அடியில் கதவுக்குள்ளே அடங்கிவிட வேண்டும். மேலே ஒரு சின்னக் குழாய் தெரிந்தால் போதும்.

அந்த மாதிரியில் சிறியது ஒன்று, பெரியது ஒன்று இருந்தது.

மொக்கம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே தாளை எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பெரியதுதான் பிடித்திருந்தது.

தம்பியைவிட ஆறு வயது மூத்தவள். புருஷன் போன பிறகு கெங்குவார்பட்டியில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கு ஈஸ்வரபாண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனி ஆயுசுக்கும் நீ என்னோடுதான் என்று சொல்லி அழுதான். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, அவள் நேராகக் கூடலூருக்கே வந்துவிட்டாள்.

"வீட்டுல எத்தன பேரு இருக்கீக?"

டேங்க் அளவு தெரிவதற்காகத்தான் வைகுண்டராஜ் கேட்டார்.

"நாலு பேரு," என்றாள் செல்லத்தாய்.

அவள், ஈஸ்வரபாண்டி, பிள்ளைகள் இரண்டு.

டீ டம்ளரை நீட்டிக்கொண்டு நின்ற மொக்கம்மாளை வைகுண்டராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"மதினி ஊருக்குப் போயிருவாக. அவுக போர் தண்ணி குடிச்சுப் பழகுனவுகதான்," என்றாள் செல்லத்தாய்.

ஊருக்குப் போவதாக மொக்கம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. அவளைப் போ என்றும் யாரும் சொன்னதில்லை.

அவளுக்குக் கோபம் வரவில்லை. செல்லத்தாய் வேறு வீட்டில் பிறந்தவள், அவள் கணக்கு அப்படித்தான் இருக்கும். தம்பி பேசுவான் என்று காத்திருந்தாள்.

ஈஸ்வரபாண்டி தாளைத் திருப்பினான். பின்பக்கம் எதுவும் அச்சடித்திருக்கவில்லை. அந்த வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வைகுண்டராஜ் என்ன நினைத்தாரோ, பெரியதையும் இங்கே வைக்கலாம், அந்த அரிசி டின்னை மட்டும் வெளியே எடுத்தால் போதும் என்றார்.

"நாலு பேருக்கு எது சரியோ அதயே மாட்டுங்க," என்றான் ஈஸ்வரபாண்டி.

மாட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. சிங்குக்கு அடியில் இருட்டாக இருக்கிறது என்று அவர் சொன்னபோது, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றது மொக்கம்மாள்தான். வெளிச்சம் ஆடாமல் இருந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதல் டேங்க் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். அடுத்து வந்ததைச் செல்லத்தாய் பிள்ளைகளின் பாட்டிலிலும் புருஷனின் பிளாஸ்கிலும் பிடித்துவைத்தாள். குடிக்காதே என்று மொக்கம்மாளிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகவே அந்தக் குழாயைத் தொடவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் பையோடு வந்து நின்றாள். பொங்கல் கழித்துப் போகலாமே மதினி என்றாள் செல்லத்தாய். சொல்லிவிட்டு, பையைப் பிடிக்க ஒரு கை கொடுத்தாள்.

ஈஸ்வரபாண்டி பைக்கில் கொண்டுவந்து தேனி பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அவன் எல்லாவற்றையும் மறந்துவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆபரேசன், மயக்கம், ஏகப்பட்ட மாத்திரை, அதில் மறந்திருப்பான். அப்படி நினைத்துத்தான் மனசைத் தேற்றி வைத்திருந்தாள்.

டிரைவர் வண்டியைக் கிளப்பியதும் அவன் ஜன்னல் பக்கம் வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கண்டக்டர் காதில் விழாதபடி சொன்னான்.

"தண்ணிய மட்டும் காய்ச்சிக் குடி, அக்கா."

மொக்கம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் எதையும் மறந்திருக்கவில்லை.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு அந்த டாக்டர், அக்காவையும் தம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சொன்னார். அக்காவிடம் இருந்து எடுத்ததுதான் தம்பிக்குள் வேலை செய்கிறது, இனிமேல் உங்களுக்கு ஆளுக்கு ஒரு கிட்னிதான், குடிக்கிற தண்ணீர் விஷயத்தில் இரண்டு பேருமே கவனமாக இருக்க வேண்டும் என்று.