படம் போட்டவர் பெயர்

"பேரைச் சொல்லச் சொல்லுங்க, மதாம்! அந்தப் படத்தைப் போட்டவன் யாருன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

மாதா பக்த சபைத் தலைவர் முசியே கெர்ப்ரா போட்ட சத்தத்தில் நீதிபதி அம்மாள் காதைத் தடவிக்கொண்டார். மனிதருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. சபை கூடி வழக்கென்று முடிவெடுத்த பிறகு தலைவர் மட்டும் பின்வாங்க முடியுமா? படம் போட்டவர் பெயர் இன்று வெளியே வருமா, வராதா என்பதில்தான் அவருடைய மானமே இருந்தது.

'முள்ளம்பன்றி' வார இதழில் வந்த கேலிப்படம் அது. சொர்க்க வாசலில் சாவியோடு நிற்கும் பேதுரு, வந்தவர்களிடம் சொல்கிறார்: "கொரென்தென் சாமியார் பிரசங்கம் கேட்டவங்களா? உங்க தண்டனையெல்லாம் கழிஞ்சாச்சு, நேரா உள்ள போங்க!"

ஊரே சிரித்தது. சபை மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

"சொல்லிடுங்க, மதாம் அனாயிக்" என்றார் நீதிபதி இதழாசிரியரிடம். "உங்க பத்திரிகைக்குத்தான் நல்லது."

"அச்சுப் போட்டது நான். பத்திரிகையையே மூடச் சொன்னாலும் சரி, வரைஞ்சவர் பேர் என் வாயிலேர்ந்து வராது."

"பாத்தீங்களா திமிரை! நான் விடமாட்டேன், பாரிஸ் வரைக்கும் போவேன்!" என்று குதித்தார் கெர்ப்ரா.

நீதிபதி, சாட்சியாக வந்திருந்த கொரென்தென் சாமியாரின் பக்கம் திரும்பினார். "உங்களுக்காவது தெரியுமா, ஃபாதர்?"

கெர்ப்ராவுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"பாவசங்கீர்த்தனத்துல ஒருத்தர் தன் பாவத்தைச் சொல்றப்ப காதுல விழறதை, போப்பாண்டவரே கேட்டாலும் சொல்றதுக்கில்ல. விழுந்துச்சா இல்லையான்னுகூடச் சொல்ல மாட்டேன்" என்றார் சாமியார். "ஆனா ஒண்ணு, மதாம். படம் வந்ததும் பிரசங்கத்தைப் பாதியாக் கொறைச்சிட்டேன். இப்பக் கோயில்ல ஒருத்தரும் தூங்கறதில்ல."

மன்றமே கொல்லென்று சிரித்தது. நீதிபதியும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கேலி பண்ணது பிரசங்கத்தை, விசுவாசத்தை இல்ல. வழக்கு தள்ளுபடி. பேரைக் கேட்கவும் இனி அவசியமில்ல."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற கெர்ப்ராவைச் சபைக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, "விடுங்க முசியே, நீங்க உயிரைக் கொடுத்துத்தான் வாதாடினீங்க" என்று தேற்றிவிட்டுக் கலைந்தார்கள்.

அனாயிக் குடையை விரித்தபடி அவரை ஒட்டி நடந்தார். போகிற போக்கில் மெல்லச் சொன்னார்:

"அடுத்த வாரப் படம் செவ்வாய்க்கிழமைக்குள்ள கைக்கு வந்துடணும், முசியே. நீதிபதியம்மா மூக்கை மட்டும் பெருசா வரைஞ்சிடாதீங்க!"