அளவுக்கு ஒரு கை

கிணறு வெட்டும் மண்ணில் கிடைக்கும் கல்லாகிப்போன பற்கள் எந்தச் சுறாவுடையவை என்று யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ள, அனுமந்தை கிராமத்து அப்பாதுரை ஒரு வெப்சைட் உருவாக்கிக்கொண்டிருந்தார். அளவு தெரிவதற்காக ஒவ்வொரு பல்லையும் மனைவி ரேணுகாவின் விரல்களில் பிடிக்கவைத்துப் படமெடுப்பார். சுனாமி அவளைக் கொண்டுபோன பிறகு, பல்லைக் கறுப்புத் துணியில் வைத்து, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து எடுத்தார்.

மரக்காணம் பிரவுசிங் சென்டரில் படங்களை ஏற்றித் தருபவள் சங்கீதா. வேலைக்குப் புதிது, வெளியூர்ப் பெண்.

“அண்ணா, அண்ணிய நகம் வெட்டச் சொல்லுங்க. படத்துக்குப் படம் வளந்துக்கினே போவுது. பல்லோட நுனிய மறைக்குது பாருங்க.”

அப்பாதுரை திரையைப் பார்த்தார். எல்லாம் அவர் காசு வைத்து எடுத்த படங்கள். ஒன்றிலும் காசு இல்லை. பல்லைப் பிடித்திருந்த கட்டைவிரலில், ரேணுகா உப்பளத்தில் கிழித்துக்கொண்ட தழும்பு இருந்தது.

“சொல்றேம்மா” என்றார்.

வீட்டுக்கு வந்து, துணியில் அடுத்த பல்லை வைத்தார். பக்கத்தில் காசுக்குப் பதில் நகவெட்டியை வைத்துவிட்டு டீ போடப் போனார்.

பால் பொங்கும்போது கூடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு டம்ளரை எடுத்துக் கழுவினார்.