ஏழு வீட்டு அப்டேட்

“நான் போடாம இந்தத் தெருவுல ஒரு கம்ப்யூட்டர்லயும் அப்டேட் ஏறாது. சரித்திரத்துலயே அப்படி நடந்தது கிடையாது” என்றான் ராம்குமார்.

பெருமைக்காகச் சொன்னதாக யாரும் நினைக்கக் கூடாது, ஆதாரம் இருந்தது. நாரணாபுரத்தில் அந்தத் தெருவில் கம்ப்யூட்டர் உள்ள வீடுகள் ஏழு. மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை விடிந்தால் மற்ற ஆறு வீட்டிலிருந்தும் அவனிடம் ஒரே கேள்வி வரும்: “போட்டாச்சா?”

கடைசி வீட்டு ஞானபூரணி டீச்சர் போன மாதம், “சீக்கிரம் போடுங்க தம்பி” என்று ஒரு கிண்ணம் சேமியா பாயசமே கொடுத்தனுப்பினார். அதற்கு முந்தின மாதம் அவன் டிரெயினிங்குக்காக மூன்று வாரம் மதுரையில் இருந்தான். அவன் திரும்பி வரும்வரை ஆறு வீட்டிலும் ஒருவர்கூட அப்டேட்டைத் தொடவில்லை. அந்த விசுவாசத்தை இன்றைக்கும் அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வான்.

இன்றும் அதே புதன்கிழமை. காலை ஏழு மணி. திரையில் ‘அப்டேட் தயார்’ என்று வந்து நின்றது.

“அண்ணே, உன் கால்ல வேணாலும் விழுறேன். எட்டரைக்கு எனக்கு டெஸ்ட்டு. இன்னைக்கு மட்டும் ‘பிறகு பார்க்கலாம்’ குடுத்துரு. சாயங்காலம் போட்டுக்க” என்றாள் தங்கை ஓவியா.

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று வேலைக்கு ஆள் எடுக்க நடத்தும் ஆன்லைன் தேர்வு அது. போனில் எழுத முடியாது. காமிரா வைத்த கம்ப்யூட்டர் வேண்டும். அந்த வீட்டில் ஒருவர் வெடிமருந்து வாசனை இல்லாத வேலைக்குப் போக முதல் வாய்ப்பு. பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருடமாகத் திரி வெட்டும் அம்மா செல்லத்தாய், ஆறு மணிக்கே சாமி படத்துக்கு முன்னால் ஹால் டிக்கெட்டை வைத்துவிட்டுப் போயிருந்தாள். வேலை இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. மத்தியானம் வாசல் கேட்டுக்கு ஓடிவந்து, அங்கே விட்டுவைத்த போனில் கூப்பிடுவாள்.

“ஏ புள்ள, அந்த ‘பிறகு பார்க்கலாம்’ பட்டன கோழைகளுக்குன்னே தனியா வச்சிருக்கான். நம்ம வீட்டுல அது அழகுக்குத்தான்.”

வாசலில் செருப்புச் சத்தம். மூன்றாவது வீட்டு சிவபாண்டி மாமா. வெடிக் கம்பெனியில் ஃபோர்மேன். மற்ற நாளில் “ஏலே” என்று கூப்பிடுகிறவர், புதன்கிழமை மட்டும் மரியாதை கொடுப்பார்.

“என்ன மாப்ள, போட்டுட்டீகளா?”

“இந்தா, போடப் போறேன் மாமா. இவதான் பயந்து சாகுறா.”

“பயம் இருக்கட்டும்யா, அதுவும் நல்லதுதான். எங்க கம்பெனில புது லோடு மருந்து வந்தா, ஒரே ஒரு சாம்பிள் வெடி கட்டி, பொட்டல்ல வச்சுக் கொளுத்திப் பாப்போம். அது ஒழுங்கா வெடிச்சாத்தான் மிச்ச மருந்துல கை வைப்போம்.”

ராம்குமார் சிரித்தான். “மாமா, இது கம்ப்யூட்டரு. சரவெடின்னு நெனச்சீகளா? அடுத்தவன் போட்டுப் பாக்கட்டும்னு எல்லாரும் உக்காந்திருந்தா நாடு எப்படி முன்னேறும்?”

“அதுவும் வாஸ்தவந்தான். நீங்க போடுங்க மாப்ள” என்றார் மாமா.

ராம்குமார் போட்டான்.

முப்பத்தைந்து சதவீதம் வரை எந்தக் குறையும் இல்லை. அங்கே போய் இருபது நிமிடம் உட்கார்ந்தது. பிறகு திரை அணைந்து, நீலமாக எரிந்து, ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தது. அணைத்துப் போட்டான், மறுபடி நீலம். வயரைப் பிடுங்கி மாட்டினான். அதே வருத்தம், அதே ஆங்கிலம்.

மணி எட்டு ஐந்து. ஓவியா கத்தவில்லை. சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“மத்தியானம் அம்மா கூப்பிடும். நீயே பேசு.”

ராம்குமார் வாசலைப் பார்த்தான். அதுவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவைக் காணோம். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்கு ஓடினான்.

மாமாவின் மகள் இசைவாணி வெடிப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். எட்டு இருபதுக்குக் காமிராவில் ஓவியாவின் முகம் வந்தது.

உடனே, திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்த்தது. ‘அப்டேட் தயார்.’ கீழே இரண்டு பட்டன்.

ஓவியா திரும்பி அண்ணனைப் பார்த்தாள். இசைவாணியும் பார்த்தாள்.

ராம்குமார் சுவரில் தொங்கிய காலண்டரை உற்றுப் பார்த்தபடி குனிந்து, மவுஸை நகர்த்தி, சத்தம் வராமல் ‘பிறகு பார்க்கலாம்’ கொடுத்தான்.

ஜன்னலுக்கு வெளியே, கம்பெனி பஸ்ஸுக்குத் தூக்குவாளியோடு நின்றிருந்த சிவபாண்டி மாமா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், மத்த நாலு வீட்டுக்கும் சொல்லிருங்க. சாம்பிள் புகைஞ்சு போச்சு, யாரும் போடாதீக.”