பாரி நல்ல வடிவு

கல்யாண வீட்டிலேயே பாரிஸ் மாப்பிள்ளை யசோதரன் மாமியாரிடம் சொல்லியிருந்தான்: "முதல் லீவுக்கு ரூபிகாவை இத்தாலிக்குக் கூட்டிக்கொண்டு போவன் மாமி. தெற்குக் கரையிலை பாரி எண்டு ஒரு ஊர், நல்ல கடல்."

அந்த லீவின் ஐந்தாம் நாள், வவுனியாவிலிருந்து மாமியாரின் அழைப்பு வந்தது.

"பாரி எப்பிடியடி பிள்ளை?"

"நல்ல வடிவு அம்மா," என்றாள் ரூபிகா. "மலையிலை ஒரு பெரிய வெள்ளைச் சேர்ச், ஏறிப் பார்த்தம். நேற்று முழுக்கப் படகிலை சுத்தினாங்கள்."

"தண்ணியிலை குளிச்சியளோ?"

"சரியான குளிரம்மா. இவர் கிட்டவும் போகேல்லை."

"அது கிடக்கட்டும். மருமோன் சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டார். உன்ரை சித்திமாருக்கு இனி வாயே திறக்கேலாது."

கட்டில் விளிம்பில் இருந்த யசோதரனுக்குக் காது சுட்டது. அழைப்பு முடிந்ததும் கேட்டான்.

"ஏன் பொய் சொன்னனீர்? என்ரை பாஸ்போர்ட் முடிஞ்சதை இந்த மடையன் ஏர்போர்ட்டிலை வைச்சுத்தான் கண்டவன், விமானம் ஏறவேயில்லை எண்டு சொல்லியிருக்கலாமே."

ஜன்னலுக்குக் கீழே, லா சப்பல் தெருவில், கடைக்காரர் முருங்கைக்காய்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான்கு நாளாக இருவரும் மலைச் சேர்ச், ஆற்றுப் படகு என்று பாரிஸுக்குள்ளேதான் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நான் எங்கை பொய் சொன்னன்?" ரூபிகா சிரித்தாள். "பிரெஞ்சுக்காரர் பாரிஸை எப்பிடிச் சொல்லுறவை?"

யசோதரன் யோசித்தான். "பாரி."

"அம்மா இத்தாலிப் பாரியைக் கேட்டவ. நான் பிரான்ஸ் பாரியைச் சொன்னன். எழும்புங்கோ! ஒன்பது வருசமா இஞ்சை இருந்தும் ஐஃபிள் கோபுரத்திலை ஏறாத மனுசன் நீங்கள். இண்டைக்கு நான் ஏத்திறன்."