நாலாம் வரிசைச் சிரிப்பு

8 நவம்பர் 1973, வியாழன்.

வேலைக் குறிப்பேட்டில் தவறை முதலில் எழுது, காரணத்தைப் பிறகு எழுது என்று ஒலிப்பதிவு மாலை வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். ஆறாம் பகுதியின் ஒலிநாடாவில் நான் ஒட்டிய அமைதி நான்கு அங்குலம் குறைந்துவிட்டது. அதனால் நேற்றைய ஒளிபரப்பில், பன்னிரண்டாம் நிமிடத்திலிருந்து ஜோக்குக்கு முன்பே சிரிப்பு வந்தது.

காலையில் தயாரிப்பாளர் கார்ஸ்டாங் கூப்பிட்டார். கத்தவில்லை.

"என்ன லெஸ்லி, நம்ம ஜனங்க ஜோசியம் பாத்துச் சிரிக்கிறாங்களா?" என்றார்.

என் தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரம் ஆவதும் ஆகாததும் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது.

காரணம், நாலாம் வரிசை அம்மா. எங்கள் நகைச்சுவைத் தொடர் இங்கே மான்செஸ்டரில், ஸ்டுடியோவில் முந்நூறு பேர் முன்னால் பதிவாகிறது. நடிகர்கள் பேசுவது ஒரு நாடா, பார்வையாளர்கள் சிரிப்பது வேறு நாடா. கதையில், மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பெரியவர் தனியாக உட்கார்ந்து தேநீர் குடிக்கும் காட்சி வாராவாரம் வரும். அரங்கமே அமைதியாக இருக்கும் அந்த இடத்தில் ஒரே ஒரு சிரிப்பு எழும். துருப்பிடித்த கேட்டைத் திறந்து மூடுவது போல இரண்டு கிரீச், அப்புறம் ஒரு கொக்கரிப்பு.

வெள்ளிக்கிழமைகளில் அதை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, அதே நீளத்துக்கு அரங்கத்தின் அமைதியை ஒட்டுவது என் வேலை. ஆறு பகுதிகளிலும் அப்படித்தான் செய்தேன்.

பெரியவராக நடிப்பவர்மேல் அந்த அம்மாவுக்கு ஒரு கண் என்று ஒலிப்பதிவு அறையில் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்று ஏழாம் பகுதி. தொடரில் இதுதான் கடைசி. அந்த அம்மாவை மைக்குகள் இல்லாத பின்வரிசைக்கு மாற்றிவிடு, அந்தச் சத்தம் இன்னொரு முறை என் காதில் விழக் கூடாது என்று கார்ஸ்டாங் சொல்லியிருந்தார்.

ஏழரை மணிக்குப் பதிவு. ஏழு மணிக்கே அந்த அம்மா அதே இருக்கையில் தனியாக, மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மிஸஸ் தாக்ரே என்று டிக்கெட்டில் இருந்தது. அறுபது வயது இருக்கலாம். பின்னாலிருந்து பார்த்தால் மேடை முழுதாகத் தெரியும் என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். அவர் தலைக்குமேல் தொங்கிய மைக்கை அண்ணாந்து பார்த்தார்.

"அங்க இது இல்லையே, கண்ணு."

நான் வற்புறுத்தவில்லை. எப்படியும் நாளை வெட்டத்தானே போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். அது மரியாதையா, கோழைத்தனமா என்று இப்போதும் தெரியவில்லை.

தேநீர்க் காட்சி வந்தபோது பக்கத்து நடைவழியில் நின்று அவரையே கவனித்தேன். அவர் மேடையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, முகத்தை மேலே தூக்கிச் சிரித்தார். சிரித்து முடித்ததும், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் முகம்போல ஆகிவிட்டது.

பதிவு முடிந்து எல்லோரும் ஜோடி ஜோடியாக மழையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் வாசலில் நின்று கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் என்ன ஜோக் இருக்கிறது என்று கேட்டேன்.

"ஜோக்கா? அதெல்லாம் நான் கவனிக்கிறதே இல்ல."

பிறகு சாதாரணமாகச் சொன்னார். அவருடைய தாய் இறந்ததும், வீட்டு டி.வி. யாருக்கு என்று அவருக்கும் தங்கை எனிடுக்கும் சண்டை. எனிட் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் வீட்டையும் மாற்றிவிட்டாள். எந்த ஊர் என்றுகூடத் தெரியவில்லை, போட்ட கடிதமெல்லாம் திரும்பி வந்தது. ஆனால் எங்கே இருந்தாலும் புதன்கிழமை எட்டரை மணிக்கு இந்தத் தொடரை மட்டும் விடமாட்டாள்.

இந்தச் சிரிப்புக்காகவே சின்ன வயதில் அக்கா தங்கை இருவரையும் ஒரே சினிமா தியேட்டரிலிருந்து இரண்டு முறை வெளியே அனுப்பியிருக்கிறார்களாம்.

"எல்லாரும் சிரிக்கிறப்ப நானும் சிரிச்சா, அதுல எது என்னோடதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அதான் யாரும் சிரிக்காத இடமாப் பாத்துச் சிரிக்கிறது. என் அட்ரஸ் மாறல, அது அவளுக்குத் தெரியும். ஒரு கார்டு போட்டாப் போதும்."

ஒளிபரப்பை அவர் பார்த்தாரா என்று கேட்டேன். எதில் பார்ப்பது, டி.வி.தான் எனிட் வீட்டுக்குப் போய்விட்டதே என்றார்.

ஆறு வாரமும் அந்தச் சிரிப்பை வெட்டியது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவர் குடையை விரித்தார்.

"ஆறு வாரமாச் சிரிச்சுப் பாத்தாச்சு. அவளுக்கு இன்னும் கோபம் தீரல போல."

நாளைய வேலை: காலை ஒன்பது மணி, ஏழாம் பகுதி நாடா. பதினோராம் நிமிடத்தில், தேநீர்க் காட்சியில், பிளேடு வைக்கக் கூடாது. பத்து மணிக்கு, கார்ஸ்டாங் அறைக்கு நானே போய் அதைச் சொல்ல வேண்டும்.