முக்காலை அரையால் வகுத்தபோது

மார்ச் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. இரண்டாம் மாடியில், ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவின் கடைசி பெஞ்சில் ஐந்து ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகை முன்னால் தலைமையாசிரியை.

யார் வகுப்பிலும் யாரும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று அவர் சுற்றறிக்கை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒருவரும் யார் வகுப்புக்கும் போகவில்லை. கடைசியில், தன் வகுப்புக்கே வரச் சொல்லி அவரே முன்வந்தார்.

அவருடைய பாடம் வரலாறு. எடுத்துக்கொண்டதோ கணக்கு.

ஐவரில் இளையவள் ஒப்பந்த ஆசிரியை. அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் தலைமையாசிரியையின் கையில்.

முக்காலை அரையால் வகுக்க வேண்டும். அரையைத் தலைகீழாக்கிப் பெருக்குவதுதான் முறை. தலைமையாசிரியை முக்காலைத் தலைகீழாக்கினார். விடை மூன்றில் இரண்டு என்று எழுதி, அதைச் சுற்றிக் கட்டமும் போட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. பக்கத்திலிருந்த கணக்கு சாரைப் பார்த்தாள். இருபது வருடமாக இதே கணக்கை நடத்தும் மனிதர், மின்விசிறியில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள் அந்தக் கட்டத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கையைத் தூக்கினாள்.

"மேடம், முக்கால் லிட்டர் தண்ணிய அரை லிட்டர் பாட்டில்ல ஊத்தினா, ஒரு பாட்டில் ரொம்பி மிச்சமும் இருக்குமே. விடை ஒண்ணுக்குக் கீழ வருமா?"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைமையாசிரியை பலகையைப் பார்த்தார். பிறகு சாக்பீஸை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் எழுந்துபோய் விடையை அழித்தாள். ஒன்றரை என்று எழுதி, பாட்டில் படமும் போட்டுக் காட்டினாள். அவள் விட்டுவந்த இடத்தில் தலைமையாசிரியை உட்கார்ந்து, முன் பெஞ்சு மாணவியிடம் பென்சில் வாங்கி, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

இடைவேளையில் கணக்கு சார் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.

"அட போம்மா, அது உனக்கு வெச்ச பரீட்சை. வேணும்னே தப்பா போட்டிருக்காங்க. அதான் நான் வாயே தெறக்கல. நீ பாஸாயிட்ட, வேல உறுதி, போ!"

ஆசிரியர் அறையே சிரித்தது.

அவளுக்குப் புஸ்ஸென்று போயிற்று. வேலை நிலைத்தால் நல்லதுதான். ஆனால் பலகை வரை துணிந்து நடந்த அந்தப் பத்தடி, யாரோ போட்டு வைத்த கோட்டில் நடந்ததாகிவிட்டது.

மாலை தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தார்.

"நேத்தே குடுத்திருக்கணும், மறந்துட்டேன். அப்புறம் டீச்சர், அந்தக் கணக்க இன்னொரு தடவ சொல்லிக் குடுங்க. எதக் கவுக்கணும்னு சின்ன வயசுலேருந்தே எனக்குக் குழப்பம்."

வராந்தாவில் நின்று பிரித்தாள். ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டிருந்த இடத்தில், தலைமையாசிரியையின் சாய்வான கையெழுத்தில் ஒரே வரி: 'இவரிடம் பிள்ளைகள் பயமில்லாமல் கேள்வி கேட்கிறார்கள்.'

கீழே ஒப்பமும் தேதியும். போன வெள்ளிக்கிழமைத் தேதி.