பழைய எண்ணெய் எரியும்வரை

புகை நிற்கவில்லை.

மெக்கானிக் காளியப்பன் புதிய ஆயில் செப்பரேட்டரை மாட்டி முடித்துக் காரை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பின்புறக் குழாய்கள் இரண்டிலிருந்தும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. தெப்ரா வட்டாரத்தில் இருந்த அந்தச் சின்னப் பட்டறையை நிறைத்துவிட்டுச் சாலைக்கும் போய்க்கொண்டிருந்தது.

தேன்மொழி கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"பயப்படாதீங்கக்கா. உள்ள தேங்கி நிக்கிற பழைய ஆயில் எரிஞ்சு போகணும்லா. எரிஞ்சு முடிஞ்சா நின்னுடும்."

"நிக்கலன்னா?"

காளியப்பன் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினான்.

நிற்காவிட்டால் எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் ஆகும். அவள் கணவன் மதிவாணன் நாளைக் காலையில் வருகிறான்.

பதினான்கு மாதம் கழித்து வருகிறான். அழைத்துப்போக இந்தக் காரில்தான் வரவேண்டும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். வேறு எதையும் அவன் கேட்கவில்லை.

அக்கம்பக்கத்தில் அவன் கத்தாரில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். போன செவ்வாய்க்கிழமை காலையில் போர்ச்சிலிருந்து புகை கிளம்பியபோது, பக்கத்து வீட்டுத் தங்கராஜு வேலிக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்தார்.

"எல்லாம் ஹபிஸ்மா. எஞ்சின் முடிஞ்சுபோச்சு. மதி வந்து கேட்டா என்ன சொல்லப் போற?" என்றார், சாவுச் செய்தி சொல்வதுபோல.

அதற்கும் முன்பே, சில வாரங்களாக, எஞ்சினுக்குள் யாரோ விசிலடிப்பதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. அதை அவள் மதிவாணனிடம் சொல்லவில்லை. மாதத்தில் ஒருமுறைதான் பேசக் கிடைக்கும். ரிசீவரை எடுத்ததும் அவன் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

கார ஸ்டார்ட் பண்றியா?

நீ எப்படி இருக்கே என்று கேட்டதில்லை. ஆரம்பத்தில் அது வலித்தது. பிறகு அந்தக் கேள்விக்குள்ளேயே தன்னையும் கொஞ்சம் தேடி எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

தினமும் அஞ்சு நிமிஷம், ஓட்ட வேண்டாம், ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணினா போதும் என்பது அவன் சொல்லிவிட்டுப் போனது. தொழிற்சாலை பஸ் வருவதற்கு முன், ஈரத் தலையோடு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்த ஐந்து நிமிடமும் காருக்குள் உட்கார்ந்திருப்பாள். காய்ச்சலில் கிடந்த நாளிலும் அதை விட்டதில்லை.

அவன் ஒப்படைத்தது இந்த ஒன்றைத்தான். அதையும் கொன்றுவிட்டேனா?

எதிர்ப்புறத்து டயர் கடையிலிருந்து சீனக் கிழவர் ஒருவர் இருமிக்கொண்டே கத்தினார். கோழி சுடுகிறாயா என்று மலாயில் கேட்டார். சம்பலை எடுத்துக்கொண்டு வாங்க என்று காளியப்பனும் மலாயிலேயே கத்தினான்.

தேன்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் டயர் கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது.

பிறகு அடுக்கி வைத்த டயர்கள். பிறகு, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற கிழவர்.

புகை நூலாக இளைத்தது. அதுவும் அறுந்தது.

விசில் சத்தம் போயிருந்தது. எஞ்சின் தாழ்ந்த குரலில், சீராக ஓடிக்கொண்டிருந்தது. கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

காளியப்பன் கழற்றிய பழைய பாகத்தை எடுத்து வந்தான். உள்ளங்கையளவு கறுப்பு பிளாஸ்டிக் குடுவை. எஞ்சின் விடும் மூச்சில் கலந்து வரும் எண்ணெயைப் பிரித்துக் கீழே அனுப்பிவிட்டுக் காற்றை மட்டும் மேலே விடுவது அதன் வேலை. உள்ளே இருந்த மெல்லிய சவ்வு கிழிந்து, தே தாரே தேநீரின் நுரைபோல வெளுத்த பழுப்பில் ஏதோ அப்பியிருந்தது.

"யாருக்கா, கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி உடனே ஆஃப் பண்ணிக்கிட்டே இருந்தது?"

"நான்தான். தினமும் அஞ்சு நிமிஷம். அவருதான் அப்படிச் செய்யச் சொன்னாரு."

"அலமாக்! அதனாலதான் இது போச்சு. சூடேர்றதுக்குள்ள ஆஃப் பண்ணா, உள்ள இருக்கிற தண்ணி ஆவியாப் போகாம ஆயிலோட சேர்ந்து இப்படி ஆயிடும்."

தேன்மொழி அந்த நுரையைப் பார்த்தாள்.

அவள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. சொன்னதை ஒரு நாள் பிசகாமல் செய்திருந்தாள். சொன்னதுதான் தப்பு.

அப்போதுதான் சிரிப்பு வந்தது. எங்கிருந்தோ பொங்கிக் கண்ணில் நீர் வரும்வரை வந்தது. பதினான்கு மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதுபோல இருந்தது. காளியப்பன் ஒன்றும் புரியாமல் தானும் சிரித்துவைத்தான்.

"இந்த வண்டிய நிறுத்தியே வைக்கக் கூடாதுக்கா. நாளைக்கே ஹைவேல ஏத்தி ஒரு மணி நேரம் நல்லா ஓட்டுங்க. அந்த மாதிரி தூரமா எங்கயாவது போறீங்களா?"

செனாய் விமான நிலையம் என்று சொல்லத்தான் நாக்குப் பழகியிருந்தது. ஆனால் செனாய் அரைமணி நேரம்கூட இல்லை.

"சிம்பாங் ரெங்கம்," என்றாள்.

"அங்க சொந்தக்காரங்க இருக்காங்களா?"

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்த காளியப்பன் நிறுத்தினான். அவளைப் பார்க்காமல், காரைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"எத்தனை மணிக்கு விடுறாங்க?"

"ஒம்பது."

"அந்த ஊரு ஜெயில் கேட்டுக்கு எதிர்ல, இடது பக்கம் ஒரு பெரிய மரம் இருக்குக்கா. அதுக்குக் கீழ நிறுத்திக்குங்க. எங்கண்ணனக் கூட்டிட்டு வரப் போனப்போ எனக்கு அது தெரியல. வெயில்லயே நின்னுட்டேன்."